சாரல் ஊரில் முயலுக்கு எந்தத் தரை?

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறோம். ஒரு வருடத்துக்கு முன்பு புனலூர்ப் பக்கமிருந்து இரண்டு வெள்ளை முயல்கள் வாங்கி வந்தோம். இரண்டும் பெட்டை. வாங்கும்போது கொடுத்த கம்பிக் கூண்டிலேயே பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்து வளர்க்கிறோம். சாரல் தொடங்கியதிலிருந்து பெரியதன் பின்னங்கால் குதியில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. விற்றவரைக் கேட்டால், "கம்பிதான் சுத்தம், மாத்தாதீங்க" என்கிறார். என் வீட்டுக்காரர் வீடு கட்டியதில் மிஞ்சிய டைல்ஸைப் பதித்துவிடலாம் என்கிறார். மாமியார் வைக்கோலைப் போடச் சொல்கிறார். ஏழாவது படிக்கும் மகள் தன் ஃபோம் மேட்டை எடுத்துப் போட்டாள். மறுநாள் பார்த்தால் ஓரமெல்லாம் கடித்திருக்கிறது. எதைத்தான் போடுவது?
- வாசகி, செங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பெரிய முயலின் காலை இன்றைக்கே ஒருமுறை நன்றாகப் பாருங்கள். மல்லாக்கப் புரட்ட வேண்டாம். அப்படிப் போட்டதும் அசையாமல் கிடக்கும், அது நிம்மதியால் அல்ல, பயத்தால். மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, பாதத்தை மட்டும் லேசாகத் திருப்பிப் பார்த்தால் போதும். முடி உதிர்ந்து தோல் இளஞ்சிவப்பாக, உலர்ந்து இருந்தால் தரையை மாற்றுவதிலேயே பெரும்பாலும் சரியாகும். பொருக்கு கட்டியிருந்தால், நீர் கசிந்தால், வீங்கியிருந்தால், தொட்டதும் காலை இழுத்துக்கொண்டால் அது பாதப்புண். காத்திருக்காமல் என்னைப்போன்ற கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புண் ஆழமாகப் போனால் தசைநாரையும் எலும்பையும் பிடித்துவிடும். அதற்குப் பிறகு வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும்.

வீட்டில் மீதமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். மனிதர்களுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் முயலின் வாய்வழி போனால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, முயலின் உயிரையே எடுத்துவிடக்கூடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம். தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுவது நம் வீடுகளில் வழக்கம்தான், ஆனால் அது முடியோடு ஒட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும். முயலும் அதை நக்கிக்கொண்டே இருக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுத்தால் போதும்.

நாய்க்கும் பூனைக்கும் பாதத்தின் அடியில் மெத்தென்ற தசைத்திட்டு உண்டு. முயலுக்கு அது கிடையாது. மெல்லிய தோல், அதன்மேல் அடர்ந்த முடி, அவ்வளவுதான். நாம் வளர்க்கும் முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கத்துப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்ந்தவை. அங்கே காலுக்குக் கீழே மண்ணும் புல்லும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், நகம் மண்ணுக்குள் இறங்கும், பாரம் பாதம் முழுக்கப் பரவும். கெட்டியான தரையில் நகம் இறங்க வழியில்லாமல் விரல்களை மேலே தள்ளுகிறது. உடலின் பாரம் முழுவதும் பின்னால் குதியில் போய் உட்காருகிறது. நகம் வெட்டாமல் நீண்டிருந்தால் இன்னும் மோசம். கம்பியென்றால் அந்தப் பாரம் நூல்போன்ற சில கோடுகளில் மட்டும் விழுகிறது. முடி தேய்கிறது, தோல் சிவக்கிறது, அதில் மூத்திர ஈரம் பட்டால் ஊறி வெடிக்கிறது.

உங்கள் முயலுக்குச் சாரல் தொடங்கிய பிறகு இது வந்திருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியமான தகவல். கம்பி வருடம் முழுக்க அங்கேயேதான் இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வரத் தொடங்கியதும் ஈரமும் சேர்ந்துகொண்டது. ஆனி, ஆடியில் செங்கோட்டையில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாமல் கொடியில் கிடக்கும். முயலின் பாதத்து முடியும் அப்படித்தான். அதனால் மதுரைக்காரருக்கோ கோவில்பட்டிக்காரருக்கோ சொல்லும் பதிலை உங்களுக்குச் சொல்ல முடியாது. மெத்தென்று இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது, கடித்தாலும் கெடுதல் கூடாது என்பது எல்லா ஊருக்கும் பொது. உங்கள் ஊருக்கு அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: எடுத்து உலர்த்தி மறுபடி போடக்கூடியதாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டில் சொன்ன யோசனைகளுக்கு வருகிறேன். எதையும் முழுக்கத் தள்ள வேண்டியதில்லை.

கம்பிதான் சுத்தம் என்று விற்றவர் சொன்னது பண்ணைக்கணக்கில் பொய்யல்ல. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். அப்படி நிறைய முயல்களை ஒரே கொட்டகையில் வைக்கும் இடத்தில் பெரிய பயம் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. அதன் முட்டை புழுக்கையோடு வெளியே வரும். வந்தவுடன் தொற்றாது, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் சில நாட்களில் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். கம்பித் தரையில் புழுக்கை கீழே விழுந்துவிடுவதால் குட்டிகள் பிழைக்கின்றன. அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம் கண் உள்ள தடித்த வெல்டு மெஷ்ஷைத் தரைக்குப் போடுவது இதற்காகத்தான். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது இரண்டே முயல். தினமும் காலையில் புழுக்கையை அள்ளிக் கொட்டினால் ஒட்டுண்ணிக்கு முதிர நேரமே கிடைக்காது. கம்பி செய்யும் வேலையை உங்கள் துடைப்பம் செய்துவிடும். மேலும், பண்ணையில் ஒரு முயல் இருக்கும் காலம் குறைவு. உங்களுடையவை நல்ல கவனிப்பில் எட்டு, பத்து வருடம் இருக்கும். வெள்ளை ஜெயண்ட் வழியில் வந்தவையானால் எடை நான்கு கிலோவைத் தாண்டும். அத்தனை வருடம், அத்தனை பாரம், கம்பியின் மேல் என்பது அந்தக் காலுக்குத் தாங்காது. கூண்டை வீசியெறிய வேண்டாம். உள்ளே முழுக்க ஒரு பலகை போட்டு, அதன்மேல் நான் கீழே சொல்லும் விரிப்பைப் போட்டு, கதவைக் கழற்றிவிட்டால் அதுவே அவை ஒளிந்துகொள்ளும் இடமாகும்.

டைல்ஸ் அடித்தளத்துக்கு மிக நல்லது. அதன்மேல் முயல் நேராக நடக்கத்தான் கூடாது. சிமெண்டுத் தரை மூத்திரத்தைக் குடித்துவிடும், எத்தனை கழுவினாலும் மழைநாளில் நாற்றம் திரும்பி வரும். டைல்ஸ் குடிக்காது. ஆனால் பளபளக்கும் டைல்ஸில் முயலின் முடிப்பாதம் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். பூனையின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 12, 13 சதவீதம் இருக்கும். முயலுக்கு ஏறத்தாழ 8 சதவீதம்தான். எலும்பு லேசு, பின்னங்கால் தசையோ மிக வலுவானது. பட்டாசுச் சத்தத்துக்கோ பூனையைக் கண்டோ திடுக்கிட்டு உதைக்கும்போது கால் வழுக்கினால், தன் உதையே தன் இடுப்புக்கு மேலே முதுகெலும்பை முறித்துவிடும். பின்னங்கால்கள் இரண்டும் துவண்டுபோன நிலையில் முயலைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நல்ல வார்த்தை சொல்ல என்னால் முடிவதில்லை. ஆகவே டைல்ஸைப் பதியச் சொல்லுங்கள். குளியலறைக்குப் போடும் மங்கலான, வழவழப்பில்லாத வகையாக இருந்தால் நல்லது. ஜலதாரைப் பக்கம் கொஞ்சம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் வேண்டாம், அது உப்புத்தாள்போல் பாதத்து முடியைத் தேய்த்துவிடும்.

ஃபோம் மேட்டை உடனே எடுத்துவிடுங்கள். மகள் வருத்தப்படக்கூடாது, மென்மையாக ஏதாவது வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே சரியான எண்ணம். ஆனால் முயலால் வாந்தியெடுக்க முடியாது. விழுங்கிய ஃபோம் துண்டு குடலில் அடைத்தால் வெளியே வர ஒரே வழிதான், அந்த வழியும் அடைபட்டிருக்கும். இரண்டு முயல்களும் சாப்பிடுகின்றனவா, புழுக்கை வழக்கமான அளவில் விழுகிறதா என்று சில நாட்கள் கவனியுங்கள். அரைநாள் ஒன்றும் தின்னாமல் ஒடுங்கி உட்கார்ந்தால் அது அவசரம்.

மாமியார் சொன்ன வைக்கோல்தான் இருப்பதிலேயே முயலுக்குப் பிடித்தது. அமுங்கும், தோண்டலாம், கடித்தாலும் கெடுதல் இல்லை. ஒரே எதிரி சாரல். ஈரமேறிய வைக்கோல் ஓரிரு நாளில் உள்ளே சூடாகிப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையும் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் சேர்ந்தால் தும்மல், மூக்கொழுகல், பிறகு நுரையீரல் வரைக்கும் போகும். முயலின் மூக்கு தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கிறது. நின்றுகொண்டு முகர்ந்து பார்க்கும் நமக்குத் தெரியாத நாற்றம் அதைத் தாக்கிக்கொண்டிருக்கும். குனிந்து உங்கள் முகத்தைக் கூண்டுத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

வைக்கோல் வாங்குவதில் ஒரு விஷயம். நம் பகுதியில் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து மாசி, பங்குனி வெயிலில் காய்ந்த வைக்கோலாகப் பார்த்து வாங்கிப் பரணில் ஏற்றிவிடுங்கள். சாரலுக்கு முன்பே முழுக்கக் காய்ந்துவிட்ட வைக்கோல் அது. கார்ப் பருவ நெல்லின் வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்து வரும். மாடு தின்னும், முயலுக்கு நான் போட மாட்டேன். அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் பூச்சிமருந்து அடித்த வயலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இவை அதன்மேல் படுப்பதோடு நிற்பதில்லை, தின்னவும் செய்யும்.

சரி, நான் என்ன செய்யச் சொல்வேன்? தாழ்வாரத்தில் ஆறடிக்கு நான்கடி இடத்தையாவது மெஷ்ஷால் அடைத்துவிடுங்கள். எட்டடிக்கு ஆறடி கிடைத்தால் மிகவும் சந்தோஷம். கால் நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த விரிப்பும் குதியைக் காப்பாற்றாது. மூன்று தாவல் தாவ இடம் வேண்டும். கீழே டைல்ஸ். அதன்மேல் பழைய பருத்தி வேட்டியோ சேலையோ நான்காக மடித்து ஓர் அடுக்கு. அதன்மேல் சாயம் போடாத கோரைப்பாய்.

கோரைப்பாயை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோரையின் குறுக்குவரிகள் நகத்துக்குப் பிடி கொடுக்கும். கீழே துணி இருப்பதால் அமுங்கும். கடித்தால் அது வெறும் புல்தான். நம் பக்கத்தில் பத்தமடையிலிருந்து வருவதற்கும் பஞ்சமில்லை. மாப்பிள்ளைப் பாய், கல்யாணப் பாய் என்று சாயம் போட்டுப் பெயர் நெய்த நல்ல பாயை இதற்குப் போட வேண்டாம். சாதாரணப் படுக்கைப் பாய் போதும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கோரையைப்போலவே தெரியும் பிளாஸ்டிக் பாய்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவை கூடவே கூடாது. நிஜமான கோரையிலும் குறுக்கே ஓடும் பாவுநூல் பருத்தியா நைலானா என்று பிரித்துப் பாருங்கள். நைலான் என்றால் அறுந்த நூல் விரலில் சுற்றி இறுக்கிவிடும்.

பாயின் நான்கு ஓரத்தையும் மரச்சட்டத்துக்கு அடியில் சொருகிவிடுங்கள், அல்லது செங்கல் வைத்து அழுத்துங்கள். ஓரம் தெரிந்தால் தோண்டிச் சுருட்டிவிடும், அதுவும் பெட்டை முயலுக்குத் தோண்டுவதில் ஆர்வம் அதிகம். முக்கியமாக, எல்லாவற்றிலும் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கீழே, ஒன்று அடுப்படிப் பக்கத்துக் கொடியில். பவானி ஜமக்காளத்தை மடித்துப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். வெயில் ஊருக்குச் சரி. சாரலில் அது ஒருமுறை நனைந்தால் காய்வதற்குள் மூன்று முறை தேவைப்பட்டுவிடும். மெல்லிய வேட்டி மின்விசிறிக் காற்றிலேயே உலரும். டர்க்கி டவல் மட்டும் வேண்டாம், அதன் சுருக்குநூலில் நகம் மாட்டிப் பிய்ந்துபோகும்.

ஒரு மூலையில், காற்று அடிக்காத பக்கமாக, மரப்பெட்டியில் மூன்று நான்கு அங்குலத்துக்கு வைக்கோல். அது படுக்கும் இடம். எதிர்மூலையில் கழிவறை. முயல் தானாகவே ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளும்; இரண்டு நாள் பார்த்துவிட்டு அங்கே ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டை வையுங்கள். அதில் செய்தித்தாள் நான்கைந்து அடுக்கு, மேலே நன்றாகக் கழுவிக் காயவைத்த தென்னை நார்க்கழிவு இரண்டு விரல் கனம், அதன்மேல் காய்ந்த புல்லோ வைக்கோலோ தடிமனாக. நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரம் குடிக்கும், தென்காசிப் பக்கம் கயிறு திரிக்கும் இடங்களில் கிடைக்கும். மேல் அடுக்கு கனமாக இருக்கட்டும், அப்போதுதான் தூசி எழும்பாது, அதைத் தின்னவும் போகாது. தின்னும் புல்லை முயலின் வாய்க்கெட்டும் இடத்தில் தட்டுக்கு மேலேயே கட்டித் தொங்கவிடுங்கள். முயலுக்குத் தின்றுகொண்டே கழிப்பது இயல்பு. புல் இருக்கும் இடத்தில் கழிவும் சேர்ந்துவிட்டால் உங்கள் கோரைப்பாய் பாதி நாள் உலர்ந்தே இருக்கும்.

பூனைக்கு விற்கும் கட்டிபிடிக்கும் மணலை இந்தத் தட்டில் போட்டுவிடாதீர்கள். முயல் அதைத் தின்றால் வயிற்றுக்குள் போய்க் கட்டியாகும். செங்கோட்டையில் அறுவை மில்லுக்குக் குறைவில்லை என்பதால் மரத்தூளும் நினைவுக்கு வரும். மில் தூள் மிக நுண்ணியது, என்ன மரம் என்று தெரியாமல் கலந்து கிடக்கும், கேரளத்திலிருந்து வரும் ரப்பர் மரத்துக்குப் பூச்சி விழாமலிருக்க போரிக் மருந்து ஏற்றுவார்கள், பிளைவுட் தூளில் பசை இருக்கும். தச்சர் இழைப்புளியில் இழைத்த சுருள் சீவல், எந்த மரம் என்று அவர் சொன்னால், தட்டில் போடலாம். உமி வேண்டாம், அதன் முனை கூர்மை, கண்ணில் விழும். மாட்டுத் தொழுவத்து ரப்பர் மேட் வழுக்காது என்பது உண்மை, ஆனால் அதன் அடியில் மூத்திரம் தேங்கும், சாரலில் தூக்கிக் காயவைக்க இரண்டு ஆள் வேண்டும்.

இவ்வளவும் ஈரக்காலத்துக்கு. பங்குனி, சித்திரையில் கணக்கு மாறும். முயலுக்கு வியர்வை கிடையாது, முப்பது டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும், காதின் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். அப்போது கோரைப்பாயை ஒரு பக்கத்திலிருந்து இரண்டடி உள்ளே இழுத்து, டைல்ஸ் கொஞ்சம் வெறுமையாகத் தெரியும்படி விடுங்கள். வயிற்றை அதில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பழைய மச்சிலிருந்து எடுத்த சுட்டமண் தட்டு ஓடு இருந்தால் இன்னும் நல்லது, லேசாகத் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்தால் குளிர்ச்சி நிற்கும், வழுக்கவும் செய்யாது. படுக்கக் குளிர்ந்த இடம், நடக்க மெத்தென்ற இடம், இரண்டும் இருந்தால் எங்கே போவது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும்.

கழுவுவது பற்றி. முயல் மூத்திரம் காய்ந்தால் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் படியும். அது நோயில்லை, தின்பதில் மிஞ்சிய கால்சியத்தை முயல் மூத்திரத்தில்தான் தள்ளும். மூத்திரம் சில நாள் ஆரஞ்சு, செங்கல் நிறத்தில் இருந்தாலும் பெரும்பாலும் தின்ற கீரையின் நிறம்தான். முக்கிக்கொண்டு கழித்தாலோ ரத்தத்துளி தனியாகத் தெரிந்தாலோ காட்ட வேண்டும். அந்த வெள்ளைப் படிவைச் சோப்பால் தேய்த்துப் பயனில்லை. சம அளவு தண்ணீர் கலந்த வினிகரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் கரைந்து வரும். மூத்திரம் இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள்; அம்மோனியாவோடு சேர்ந்து கிளம்பும் வாயு முயலுக்கும் உங்களுக்கும் கெடுதல். பினாயில் நெடியும் அவற்றுக்கு ஆகாது. வினிகர், பிறகு வெந்நீர், பிறகு துணியால் ஒற்றி முழுக்க உலர்ந்த பின்தான் பாய். ஈரத்தின்மேல் பாயை விரிப்பதற்கு விரிக்காமலேயே இருக்கலாம்.

ஈரக்காலத்தில் தினமும் வாலடி முடியையும் பாருங்கள். அங்கே மூத்திரமோ, முயல் திரும்பத் தின்னும் மெத்தென்ற மென்புழுக்கையோ ஒட்டியிருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். முயலுக்கு அது உயிர்போகும் ஆபத்து. நகத்தை மாதம் ஒருமுறை பார்த்து, முடியைத் தாண்டி நீண்டிருந்தால் நுனியை மட்டும் வெட்டுங்கள். வெள்ளை முயலாதலால் உள்ளே ஓடும் ரத்தநாளம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம். பெரியது குண்டாக இருந்தால் கடைத் தீவனத்தையும் அரிசி, பிஸ்கெட்டையும் நிறுத்திப் புல்லைக் கூட்டுங்கள். குதியில் விழும் பாரம் குறையும்.

இதையெல்லாம் செய்தால் சிவப்பு இரண்டு வாரத்தில் தணியத் தொடங்க வேண்டும். முடி முழுக்க முளைக்க வெகுநாள் ஆகும், சில முயலுக்கு அந்த இடத்தில் சின்னதாகக் காய்ப்பு நின்றுவிடும். சிவப்போ வலியோ இல்லாதவரை அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வரும்போது சின்னதையும் அதே கூடையில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஜோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் கொண்டுபோய்த் திரும்பினால் வாசனை மாறிச் சண்டை போட்டுக்கொள்ளும், அதோடு அதன் காலையும் நான் பார்த்துவிடுவேன்.